கீமோ ஏறுவது மதுரையில், தாங்குவது வீட்டில்

முதல் கீமோவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றால் மனசு அந்த ஒரு நாளையே சுற்றிக்கொண்டிருக்கும். ஊசி எங்கே குத்துவார்கள், எரியுமா, அங்கேயே மயங்கி விழுந்துவிடுவோமா என்று. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் கழிகிற அந்தச் சில மணி நேரம்தான் இருப்பதிலேயே லேசானது. கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் வருவார், ஏதாவது என்றால் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். மருந்தின் வேலை முழுக்க வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். திருச்சி போகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். அவ்வளவு தூரத்தில் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு வீடுதான் பாதி ஆஸ்பத்திரி. அந்த வீட்டை எப்படித் தயார் செய்தோம், முதல் இரண்டு வாரத்தில் எது எப்போது வந்தது, எது உதவியது என்று எழுதினால் யாருக்காவது பயன்படும்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து, 21 நாளுக்கு ஒரு முறை. அட்ரியாமைசின் என்றும் டாக்சோரூபிசினைச் சொல்வார்கள். கீமோ என்பது ஒரே மருந்து கிடையாது. நோய்க்கும் ஆளுக்கும் தகுந்தபடி மருந்து மாறும், மருந்துக்குத் தகுந்தபடி தொந்தரவும் மாறும். அதனால் நான் எழுதுவதைப் படித்துவிட்டு, உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு அவர் சொல்வதுதான்.

முதல் ஊசிக்கு முன்னால் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தார்கள், ஏனென்றால் டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கலாம். ரத்தப் பரிசோதனை, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். பல் டாக்டரிடமும் ஒரு முறை போய் வரச் சொன்னார்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்பே சரி செய்துவிட வேண்டும், ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பல்லில் கை வைக்க முடியாது. அப்புறம் ‘போர்ட்’. நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழை வைத்துத் தைத்து, அது வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்கு மருந்து போகும்படி செய்வது. இன்னொரு சின்ன ஆபரேஷனா என்று முதலில் தயங்கினேன். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஊசியும் பிரஷர் பட்டியும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், இன்னொரு கையில் நரம்பு கிடைப்பதே கஷ்டம். போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

இனி வீடு. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதைத் தாண்டிச் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கழிப்பறை. ராத்திரியில் படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போவதென்றால் ஒரு தெருவே நடக்கிற தூரம். நடுவில் முற்றம், ஈரமாக இருந்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். கீமோ முடிந்து வந்த முதல் நாள்களில் தண்ணீர் நிறையக் குடிப்பதால் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும், தலையும் சுற்றும். அதனால் கழிப்பறையை ஒட்டி இருந்த சின்ன அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு படி கூட இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே போகலாம். வழியில் ராத்திரி விளக்கு ஒன்று. உட்கார்ந்து எழ வெஸ்டர்ன் டாய்லெட். எங்கள் ஏற்பாடுகளிலேயே அதிகம் உதவியது இந்த அறை மாற்றம்தான் என்று இப்போதும் சொல்வேன்.

பழைய வீட்டில் தூசியும் ஒரு பிரச்சினை. மேல்மாடியில் புறா அடையும், பூட்டியே கிடக்கிற அறைகளில் பூஞ்சை இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பவர்களுக்குப் புறா எச்சத்திலிருந்தும் பழைய தூசியிலிருந்தும் பூஞ்சை நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். ஒட்டடை அடிப்பது, பரணைக் காலி செய்வது, வெள்ளையடிப்பது எல்லாவற்றையும் முதல் ஊசிக்கு முந்தின வாரமே முடித்துவிட வேண்டும். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு அந்த வேலைகளைக் கிளப்பவே கூடாது.

மருந்து ஏறிய நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்ததும் வாந்தி தடுக்கிற அப்ரெபிடன்ட் மாத்திரையின் முதல் கேப்ஸ்யூலைக் கொடுத்தார்கள். அது மூன்று நாளைக்கான பொட்டலம், மருந்து ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒவ்வொன்று. வாந்தி இல்லையே என்று நிறுத்திவிடக் கூடாது, வராமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான். டாக்சோரூபிசின் என்கிற சிவப்பு மருந்தை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, பெரிய சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளினார். மாதுளம் சாற்றின் நிறம். இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். கையில் ஊசி போட்டிருப்பவர்களுக்கு ஏறும்போது எரிச்சலோ வலியோ வீக்கமோ கொஞ்சம் தெரிந்தாலும் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடிக்கிற குணம் நம் பெண்களுக்கு உண்டு. இந்த ஒரு இடத்தில் அது வேண்டாம்.

அன்று சாயங்காலம் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான். ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும், முன்பே தெரிந்திருந்தால் ரத்தம் என்று பயப்பட மாட்டோம். அதற்குப் பிறகும் சிவந்தாலோ, போகும்போது எரிந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும், கூட இருக்கிற சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான். எனக்கு வெறும் தண்ணீர் இறங்கவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு எலுமிச்சை, இல்லாவிட்டால் சீரகத் தண்ணீர். சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தால் குமட்டியது, சின்ன டம்ளரில் மடக்கு மடக்காகக் குடித்தேன்.

முதல் இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம், மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும். கழிப்பறை மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், துடைப்பவர்கள் கையுறை போட வேண்டும், அழுக்கான துணியைத் தனியாக அலச வேண்டும். இதை வீட்டில் எல்லாருக்கும் விளக்கிச் சொல்வது முக்கியம். எங்கள் உறவில் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, எனக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கச் சொல்லி, பேரப்பிள்ளையை என் பக்கத்தில் வரவிடாமல் இழுத்துக்கொண்டார். அன்று ராத்திரி நான் அழுத அழுகை மருந்துக்காக இல்லை. புற்றுநோய் ஒட்டுகிற நோய் கிடையாது. அதே தட்டில் சாப்பிடலாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம். ஜாக்கிரதை அந்த இரண்டு நாள் மருந்துக் கழிவுக்கு மட்டும்தான். இந்த நோயைப் பெயர் சொல்லிப் பேசவே கூடாது என்று நினைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில் பிறந்தவர். 1954-இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது அவர்தான். அவர் பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் இன்னும் தட்டைத் தனியாக வைக்கலாமா?

இரண்டாம் நாளிலிருந்துதான் சாப்பாட்டுப் பிரச்சினை ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அன்பைக் காட்டுகிற வழியே சமையல்தான். என் மாமியாருக்கு எண்பது வயது. "தெம்பு வேணுமில்ல ஆத்தா, கோழி அடிச்சுக் குழம்பு வைக்கிறேன்" என்று அம்மி வரைக்கும் போய்விட்டார். சோம்பும் பட்டையும் கல்பாசியும் எண்ணெயில் விழுகிற வாசம் வளவெல்லாம் பரவும். இத்தனை வருஷம் பசியைக் கிளப்பிய அதே வாசம் அன்று வயிற்றைப் புரட்டியது. அத்தையிடம் அதைச் சொல்வதுதான் எனக்கு மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "அத்தை, உங்க கைப்பக்குவத்துல குறை இல்ல, இந்த மருந்து மூக்கை மாத்திருச்சு" என்றேன். அவர் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு தாளிப்பு வேலை எல்லாம் கொல்லைப்புறத்து அடுப்புக்குப் போயிற்று, என் அறைக் கதவை அப்போது சாத்திவிடுவார்கள்.

சூடான சாப்பாட்டில் வாசம் அதிகம். ஆறவைத்துச் சாப்பிட்டால் குமட்டல் பாதியாகக் குறையும். அதற்காகக் காலையில் வைத்ததை வெளியிலேயே வைத்திருந்து மத்தியானம் சாப்பிடச் சொல்லவில்லை. புதிதாகச் செய்ததை ஆறியதும் உடனே சாப்பிட வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு இருக்காமல், தலைமாட்டில் வைத்திருக்கிற ரஸ்க்கோ பொரியோ இரண்டு வாய் போட்டுக்கொண்டு அப்புறம் எழுந்திருங்கள். வெறும் வயிறுதான் குமட்டலைக் கூட்டும்.

நாக்கில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசி வரும். எவர்சில்வர் கரண்டி வாயில் பட்டாலே அது கூடும். மரக்கரண்டிக்கோ பீங்கான் கரண்டிக்கோ மாறிவிடலாம், கையால் பிசைந்து சாப்பிடுவது இன்னும் நல்லது. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். புளிப்புத்தான் அந்த இரும்பு ருசியை வெல்லும். எனக்குக் கைகொடுத்தது நம் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, வெண்டைக்காயைப் போட்டுக் கொதிக்கவிடுவது. மிளகாயைக் குறைத்து, காரம் இல்லாமல் வைத்துக் கொடுத்தார்கள். குழைந்த சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினால் இரண்டு கைப்பிடியாவது உள்ளே இறங்கும். வாயில் புண் வராதவரைக்கும்தான் இது. புண் வந்துவிட்டால் புளிப்பு எரியும், அப்போது பருப்புக் கஞ்சியும் இட்லியும் நன்றாக வெந்த முட்டையும்தான்.

பிடித்த பலகாரத்தை அந்த முதல் நாள்களில் தொடவே கூடாது என்று கீமோ வார்டில் ஒரு அம்மா சொன்னார். குமட்டலோடு சாப்பிட்ட பண்டத்தை மூளை சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை மாதம் ஆனாலும் அதைப் பார்த்தாலே வயிறு புரட்டும். டயட்டீஷியனும் அதையே சொன்னார். வெள்ளைப் பணியாரம் என் உயிர். அந்த வாரங்களில் அதை வீட்டில் சுடவே விடவில்லை. இன்றைக்கும் ஆசையாகச் சாப்பிட முடிகிறது.

வாந்தி மாத்திரைக்கு ஒரு பின்விளைவு உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மலச்சிக்கல். வாந்திக்குத் தருகிற இன்னொரு மாத்திரையான ஆன்டான்செட்ரான் குடலைக் கட்டிவிடும். முக்கினால் மூலம் வரும், ரத்தம் வரும், அணு குறைந்த நேரத்தில் அதுவே கிருமிக்கு வழி. பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்போம். இரண்டு நாள் போகவில்லை என்றாலே டாக்டரிடம் கேட்டு மலமிளக்கி வாங்கிவிட வேண்டும். தானாகவே எனிமா, சப்போசிட்டரி என்று போகக் கூடாது.

தூக்கம் வராததற்குக் காரணம் டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு. அதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே முடித்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன், ராத்திரி கொஞ்சம் கண் அயர முடிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை நாள்களில் சர்க்கரை ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு நின்ற மறுநாள் உடம்பு பொத்தென்று விழுந்தாற்போல் இருக்கும். கை தூக்கக்கூட வலு இருக்காது, காரணமே இல்லாமல் அழுகை வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயப்பட வேண்டாம், அது ஸ்டீராய்டு போன களைப்பு. அன்றைக்கு யாராவது ஒருவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். என் ஆச்சி (எங்கள் பக்கத்தில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்) தேவகோட்டையிலிருந்து வந்து காலை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளை அணுவைக் கூட்டுகிற ஊசி ஒன்று உண்டு. மருந்து ஏறி 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். அதற்காக மறுநாள் மறுபடி மதுரை போக முடியாது என்பதால், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பை வைத்து வாங்கி வந்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருந்து, உள்ளூர் கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் மருந்து வீண். இந்த ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் எலும்புக்குள்ளேயே குடைகிற மாதிரி வலிக்கும். எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம், சில நாளில் குறையும். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம் என்று டாக்டர் அனுமதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு முறையும் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை.

அந்த நிபந்தனை ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் தொந்தரவு, இது உயிர்ச் சமாசாரம்.

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். பார்க்க நன்றாக இருப்போம். குமட்டல் போயிருக்கும், பசி எடுக்கும், எழுந்து நடமாடுவோம். வீட்டில் எல்லாரும் தேறிவிட்டாள் என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் உடம்பில் கிருமியை எதிர்க்க ஆள் இருக்காது. கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். நாக்குக்கு அடியில் 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், காட்டினால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலும், மூச்சு வாங்கினாலும், ஆள் குழம்பிப் பேசினாலும் அதே அவசரம்தான்.

எனக்கு அது வந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தது. வைத்துப் பார்த்தால் 100.8. அரை மணி நேரத்தில் வண்டியில் இருந்தோம். பதறாமல் கிளம்ப முடிந்ததற்குக் காரணம், முதல் ஊசியன்றே என் வீட்டுக்காரர் டாக்டரிடம் நேராகக் கேட்டிருந்த கேள்வி. "ராத்திரி காய்ச்சல் வந்தா நாங்க ரெண்டு மணி நேரம் மதுரைக்கு வரணுமா, இல்ல பக்கத்துலயே எங்கயாவது போகணுமா?" டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எந்த மருந்து, எந்தத் தேதி ஏறியது, காய்ச்சலோடு வந்தால் உடனே ரத்த அணுக்கள் பார்த்து, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்று. காரைக்குடியில் ராத்திரியும் லேப் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் முன்பே போய்ப் பேசியும் வைத்திருந்தார். அந்தத் தாளைக் காட்டியதும் வரிசையில் உட்கார வைக்கவில்லை. கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்தது, அது மிகவும் குறைவு. முதல் டோஸ் ஆன்டிபயாடிக் அங்கேயே ஏறியது, மறுநாள் மதுரைக்கு மாற்றினார்கள், சில நாளில் வீடு திரும்பினேன்.

தூரத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு செட் துணி, மாத்திரை, ஆதார், காப்பீட்டு அட்டை, சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒரு பையாகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். வண்டி இல்லாதவர்கள் 108-ஐ அழைக்கலாம். தெர்மாமீட்டர் டிஜிட்டலாக, இரண்டாக இருக்கட்டும். காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும்.

இந்தக் காலத்தில் வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்குக் கஷ்டமான தடை, பழைய சோறும் நீராகாரமும். ராத்திரி முழுக்க வெளியில் புளித்தது என்பதால் அணு குறைந்த நாள்களில் ஆகாது. பச்சைக் காய்கறி, கடைச் சட்னி, வெட்டி வைத்து விற்கிற பழம் எதுவும் வேண்டாம். வீட்டில் கழுவித் தோலுரிக்கிற பழம் சாப்பிடலாம்.

பிறகு, பார்க்க வருகிறவர்கள். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் பங்காளிகளும் தாய்பிள்ளைகளும் வந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள். வராதவர்கள்மேல் வருத்தம்கூட வரும். அவ்வளவு பாசத்தையும் கதவுக்கு வெளியே நிறுத்துவது எப்படி? என் வீட்டுக்காரர் திண்ணையிலேயே நாற்காலி போட்டு வைத்தார். வந்தவர்களுக்கு அங்கேயே காப்பி கொடுத்து, விவரம் சொல்லி, "இந்த வாரம் டாக்டர் யாரையும் விடக்கூடாதுன்னுட்டாரு, அவ போன்ல பேசுவா" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். பழியை டாக்டர்மேல் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. சளி, இருமல் உள்ளவர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உள்ளே வரக் கூடாது என்பதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மாதம் நெருங்கிய பங்காளி வீட்டில் ஒரு கல்யாணம். நான் போகவில்லை. முறையை அவர் போய்ச் செய்துவிட்டு வந்தார், பெண்ணை வீடியோவில் பார்த்து ஆசீர்வாதம் செய்தேன்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஓலைக் கொட்டானில் பலகாரம் வந்தால் சரி. பொடி, கஷாயம், ஏதோ இலைச் சாறு என்று வந்ததை எல்லாம் என் மகள் வாங்கி வைத்து, படம் எடுத்து, டாக்டரிடம் காட்டினாள். கீமோ மருந்தைக் கரைத்து வெளியே அனுப்புகிற வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். அதே நேரத்தில் என்னவென்று தெரியாத பொடியையும் உள்ளே அனுப்பினால் எது என்ன செய்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்குத் தடை இல்லை.

முடி இரண்டாவது வாரத்துக்குப் பிறகு போக ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் மண்டைத்தோல் வலிக்கும், தலையணையில் தலை வைத்தாலே நோகும். கொத்தாகக் கையோடு வந்ததும் ஊர் நாவிதரை வீட்டுக்கு வரச்சொல்லி, டிரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொண்டேன். சவரக் கத்தி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், கீறல் விழுந்தால் கிருமி போகும். குன்றக்குடியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை முடி இறக்கியிருக்கிறோம், என் தலை என்றதும் கை நடுங்கியது. ஆச்சி பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கிழித்துத் தலையில் கட்டிவிட்டது. வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன பருத்தி. கடையில் வாங்கிய தொப்பி எல்லாம் உறுத்தியபோது இது ஒன்றுதான் ராத்திரியும் தலையில் நின்றது.

செலவைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், தகுதி உள்ளவர்கள் முதல் ஊசிக்கு முன்பே அட்டையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சென்னைக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் ரயில்வே சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணமும், துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கும் தள்ளுபடி.

என் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தாள். எந்த நாள் எவ்வளவு சாப்பிட்டேன், எத்தனை முறை வாந்தி, மலம் போயிற்றா, காய்ச்சல் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று. இரண்டாவது கீமோவுக்குப் போனபோது டாக்டர் எங்களிடம் பேசியதைவிட அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்ததுதான் அதிகம். மூன்றாம் நாள் ராத்திரியில் குமட்டல் கூடியிருப்பதைப் பார்த்து, படுக்கும் முன் போட ஓலன்சபின் மாத்திரை ஒன்று சேர்த்தார். அணு ரொம்பவே இறங்கியதற்கு மருந்தின் அளவையும் பார்த்தார். அந்தச் சுற்றில் மூன்றாம் நாள் ராத்திரி நான் தூங்கினேன், மறுநாள் காலை இரண்டு இட்லி இறங்கியது.